புறப்படுவதற்கு முன் வரும் அத்தியாயம்

நெடுந்தொலைவுச் சாலைப் பயண நூல்களில், வாசகர்கள் அவசரமாகப் புரட்டிவிட்டுப் போகும் ஓர் அத்தியாயம் உண்டு. எந்த நாட்டுக்கு விசா வேண்டும், வண்டிக்கு என்ன காகிதம் வேண்டும், கடல் குறுக்கிடும் இடத்தில் எந்தத் துறைமுகத்திலிருந்து எந்தக் கப்பல், கையில் எவ்வளவு பணம் என்று கணக்குப் போடும் முதல் அத்தியாயம் அது. விமர்சகர்களும் அதைப் பொருட்படுத்துவதில்லை. சாலை தொடங்கிய பிறகுதான் இலக்கியம் தொடங்குகிறது என்பது எழுதப்படாத விதி. பெண்கள் எழுதிய பயண நூல்களுக்கு இந்த விதி பொருந்தாது என்று நினைக்கிறேன். ஒரு பெண் வீட்டைவிட்டு நகர என்னென்ன கூடிவர வேண்டும் என்பது அந்த முதல் அத்தியாயத்தில்தான் பதிவாகிறது. பல சமயம் அதில் எழுதாமல் விட்ட வரிகளில் பதிவாகிறது.

ஒப்பிட்டுப் பார்க்க, ஓர் ஆண் எழுதிய நூலை முதலில் எடுத்துக்கொள்வோம். 1955இல் ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த ஆறு இளைஞர்கள் இரண்டு லேண்ட் ரோவர்களில் லண்டனிலிருந்து சிங்கப்பூருக்குப் புறப்பட்டார்கள். அடுத்த ஆண்டு போய்ச் சேர்ந்தார்கள். அவர்களில் ஒருவரான டிம் ஸ்லெஸ்ஸர் எழுதிய 'ஃபர்ஸ்ட் ஓவர்லேண்ட்' 1957இலேயே வெளியாகிவிட்டது. முன்னுரை டேவிட் அட்டன்பரோ. சுவையான நூல். திட்டமிடலை அலுப்பாகக் கருதாத நூலும்கூட. ஒருவருக்கு எஞ்சின், ஒருவருக்குக் கேமரா, ஒருவருக்கு வரைபடம், ஒருவருக்கு உணவும் சரக்கும், ஒருவருக்குப் பணமும் நிர்வாகமும் என்று பொறுப்பைப் பிரித்துக்கொள்கிறார்கள். இந்தப் பொறுப்புப் பட்டியலில் வீடு இல்லை. போகிறவர்கள் போகக்கூடியவர்கள் என்பது நூல் தொடங்கும் முன்பே முடிவாகிவிட்ட விஷயம். ஆகவே அவர்களுடைய திட்டம் வண்டியிலிருந்து தொடங்குகிறது. பெண்களின் நூல்களில் அதற்கும் முன்னால் வேறொரு கேள்வி நிற்கிறது: நான் கிளம்பினால் இங்கே யார் பார்த்துக்கொள்வார்கள்?

அயர்லாந்தைச் சேர்ந்த டெர்வ்லா மர்ஃபியின் 'ஃபுல் டில்ட்' 1965இல் வந்தது. 1963 ஜனவரியில் பிரான்ஸின் டன்கர்க் துறைமுகத்திலிருந்து சைக்கிளில் கிளம்பி ஈரான், ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் வழியாக டெல்லி வந்து சேர்ந்த கதை. பத்தாவது பிறந்த நாளுக்கு ஒரு சைக்கிளும் ஓர் உலக வரைபட நூலும் கிடைத்தன. அப்போதே இந்தியாவுக்குப் போவதென்று முடிவு செய்துவிட்டதாகச் சொல்கிறார். புறப்படும்போது அவருக்கு வயது 31. இடைப்பட்ட இருபத்தொரு ஆண்டுகளை நூல் சில பத்திகளில் தாண்டிவிடுகிறது. உதிரி டயர்களை வழியிலுள்ள ஊர்களுக்கு முன்கூட்டியே அனுப்பி வைத்தது, கைத்துப்பாக்கி ஒன்றை எடுத்துக்கொண்டது எல்லாம் வருகின்றன. இருபத்தொரு ஆண்டுகள் ஏன் ஆயிற்று என்பது வருவதில்லை.

அதற்கான பதில் 1979இல் வெளியான அவருடைய தன்வரலாறான 'வீல்ஸ் விதின் வீல்ஸ்' நூலில் இருக்கிறது. மூட்டுவாதத்தால் நடக்க முடியாமல் போன தாயைப் பராமரிப்பதற்காக 14 வயதில் பள்ளியிலிருந்து நின்றவர் அவர். 1962இல் தாய் இறக்கும்வரை அந்த வேலை தொடர்ந்தது. தாய் கொடுமைக்காரர் இல்லை; இளம் வயதில் மகள் ஐரோப்பாவில் குறுகிய சைக்கிள் பயணங்கள் போக ஊக்கம் கொடுத்தவரே அவர்தான். ஆனால் நோய் முற்ற முற்ற மகளின் நாள் முழுவதும் தாயின் உடலைச் சுற்றியே அமைந்துவிட்டது. அன்பும் வெறுப்பும் குற்றவுணர்வும் பிரிக்க முடியாமல் பின்னிக் கிடக்கும் அந்தப் பக்கங்களை நான் பயண இலக்கியமாகவே வாசிக்கிறேன். 'ஃபுல் டில்ட்' நூலின் விடுபட்ட முதல் அத்தியாயம் பதினான்கு ஆண்டுகள் கழித்துத் தனி நூலாக வந்திருக்கிறது. துணிச்சலான பெண் ஒருத்தியின் திடீர் சாகசம் என்று முதல் நூலைக் கொண்டாடுகிறவர்கள், அதற்கு அடியில் கிடக்கும் ஊதியமற்ற பராமரிப்பு உழைப்பைப் பார்க்கத் தவறுகிறார்கள்.

இரண்டாவது பயணம், சுவிட்சர்லாந்தின் எல்லா மைலார்ட்டும் அனமேரி ஷ்வார்ட்சன்பாஹும் 1939 ஜூனில் ஜெனீவாவிலிருந்து ஃபோர்டு காரில் ஆப்கானிஸ்தானுக்குப் போனது. இஸ்தான்புல்லில் காரைக் கப்பலில் ஏற்றிக் கருங்கடல் வழியாகத் திராப்சோனில் இறங்கி, அங்கிருந்து ஈரானுக்குப் போகிறார்கள். காபூலில் இருக்கும்போது உலகப்போர் மூள்கிறது. மைலார்ட் இந்தியா வருகிறார். போர்க்காலத்தின் பெரும்பகுதியைத் திருவண்ணாமலையில் ரமணரின் ஆசிரமத்தை ஒட்டிக் கழிக்கிறார். இந்தப் பயணத்தைப் பற்றிய 'தி குரூவல் வே' இந்திய ஆண்டுகளில் உருவாகி 1947இல் வெளியானது.

இந்தத் திட்டத்தின் உறுப்புகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். கார், ஷ்வார்ட்சன்பாஹின் தந்தை தரும் பரிசு. அவர் பெரும் பட்டு ஆலை முதலாளிக் குடும்பத்துப் பெண். கையிலிருந்த பாஸ்போர்ட், திருமணத்தால் கிடைத்தது. 1935இல் தெஹ்ரானில் பிரெஞ்சுத் தூதரக அதிகாரி கிளோட் கிளாராக்கை மணந்தார். இருவருமே தன்பாலின ஈர்ப்பாளர்கள். அந்த மணம் அவருக்குப் பிரெஞ்சுக் குடியுரிமையையும் தூதரகப் பாஸ்போர்ட்டையும் தந்தது. வெளிநாட்டவரை மணக்கும் பெண் சுவிஸ் குடியுரிமையை இழப்பதுதான் அக்கால விதி. எந்தக் கணவனுக்கும் சொந்தமாக விரும்பாத ஒரு பெண், எல்லைகளைக் கடக்க ஒரு கணவனின் பெயரைக் காகிதத்தில் வைத்திருக்க வேண்டியிருந்தது. தந்தையின் கார், கணவனின் பாஸ்போர்ட். அந்தச் சுதந்திரப் பயணத்தின் அடித்தளம் இதுதான்.

மூன்றாவது உறுப்பு நோய். ஷ்வார்ட்சன்பாஹ் மார்ஃபின் பழக்கத்திலிருந்து விடுபடப் போராடிக்கொண்டிருந்தார். அவரை மீட்பது மைலார்ட்டின் திட்டத்தில் ஒரு பகுதி. வீட்டைவிட்டு வந்த பிறகும் பராமரிப்பு வேலை காருக்குள் ஏறி உட்கார்ந்துகொள்கிறது. ஆனால் இங்கே மைலார்ட்டோடு எனக்கு ஒரு பிணக்கு உண்டு. அவருடைய நூலில் தோழி எப்போதும் நோயாளி. சொல்கிறவர் எப்போதும் செவிலி. இதே பயணத்தைப் பற்றி ஷ்வார்ட்சன்பாஹ் எழுதிய கட்டுரைகளோ சாலையையும் மலையையும் அந்நியத்தன்மையையும் பேசுகின்றன. அங்கே அவர் யாருடைய நோயாளியும் இல்லை. அந்தக் கட்டுரைகள் 2000இல்தான் தொகுப்பாக வந்தன. அவர் 1942இல் சைக்கிள் விபத்துக்குப் பின் இறந்தார். அவருடைய கடிதங்களையும் நாட்குறிப்புகளையும் குடும்பம் அழித்தது. மைலார்ட்டின் நூலிலும், தாயின் வற்புறுத்தலால், அவர் பெயர் 'கிறிஸ்டினா' என்று மாற்றப்பட்டது. ஒன்றாகப் போன இரண்டு பெண்களில் ஒருத்தியின் குரல் அரை நூற்றாண்டுக்கு மேல் மற்றவளின் நூலுக்குள் அடங்கிக் கிடந்தது. இரண்டு நூல்களையும் அடுத்தடுத்து வாசிக்காமல் இந்தப் பயணத்தைப் பற்றிப் பேசக்கூடாது.

தாமதம் என்பது இந்த வரலாற்றில் திரும்பத் திரும்ப வருகிறது. தெரேசா வாலக்கும் ஃப்ளோரன்ஸ் பிளென்கிரனும் 1934 டிசம்பரில் லண்டனிலிருந்து, பக்கப் பெட்டியும் இழுவைப் பெட்டியும் பூட்டிய 600 சிசி பேந்தர் மோட்டார் சைக்கிளில் கிளம்பினார்கள். மார்செய் துறைமுகத்தில் கப்பலேறி அல்ஜியர்ஸில் இறங்கி, சஹாராவைக் கடந்து, 1935 ஜூலையில் கேப் டவுனை அடைந்தார்கள். வாலக் எழுதிய 'தி ரக்கட் ரோடு' அச்சில் வந்தது 2001இல். அவர் இறந்து இரண்டு ஆண்டுகள் கழித்து. ஆறு இளைஞர்களின் பயணம் நூலாக ஓராண்டு போதுமானதாக இருந்தது. இந்த இரு பெண்களின் பயணம் நூலாக 66 ஆண்டுகள் ஆயின.

இவர்களை வெறும் வீராங்கனைகளாக வைத்துக்கொள்வதும் எனக்கு உடன்பாடில்லை. ஆப்பிரிக்காவின் குறுக்கே அந்த மோட்டார் சைக்கிள் போன பாதையில் பெரும்பகுதி பிரெஞ்சு, பிரிட்டிஷ் ஆட்சியின் கீழ் இருந்த நிலம். கப்பல் வழிகளும் பெட்ரோல் கிடங்குகளும் சோதனைச் சாவடிகளும் காலனியத்தின் ஏற்பாடுகள். வெள்ளைப் பெண்ணைத் தடுத்த அதிகாரி அவளுடைய பாலினத்தைப் பார்த்துத் தயங்கினார். அவளுடைய நிறத்தைப் பார்த்து வழிவிட்டார். அந்த நிலத்தின் பெண்கள் அதே வரைபடத்தை எடுத்துக்கொண்டு எதிர்த்திசையில் மார்செய் நோக்கிக் கிளம்பியிருக்க முடியாது. பெண்ணிய வாசிப்பு இந்த இரண்டையும் ஒருசேரச் சொல்ல வேண்டும். ஒன்றைச் சொல்லி மற்றொன்றை விட்டால் அது பாதி வாசிப்பு.

இன்றைய காகிதங்கள் மாறிவிட்டன. கேள்விகள் அதிகம் மாறவில்லை. சொந்த வாகனத்தை ஈரான், பாகிஸ்தான், எகிப்து போன்ற நாடுகளுக்குள் கொண்டுபோக 'கார்னே' என்ற சுங்க ஆவணம் வேண்டும். வண்டிக்கான பாஸ்போர்ட் என்று அதைச் சொல்வார்கள். வண்டியை அங்கே விற்றுவிடாமல் திரும்பக் கொண்டுவருவேன் என்பதற்கான உறுதி அது. அதற்காகப் பெருந்தொகையை வைப்பாகவோ வங்கி உத்தரவாதமாகவோ வைக்க வேண்டும். சில நாடுகளுக்கு அது வண்டியின் மதிப்பையே தாண்டும். ஆர்சி புக் யார் பெயரில் இருக்கிறது? ஓராண்டு முடங்கிக் கிடக்கக்கூடிய பணம் எந்தப் பெண்ணின் கணக்கில் இருக்கிறது? குடும்பச் சொத்தில் நமக்குப் பங்கு இல்லாமல் போன வரலாறு, இந்த விண்ணப்பத்தில் வேறு உருவில் வந்து நிற்கிறது.

கப்பல் துறையிலும் இதுதான். ஸ்பெயினின் அல்ஹெசிராஸிலிருந்து ஃபெர்ரியில் காரை ஏற்றி மொராக்கோ போனால், உள்ளே கொண்டுவருகிறவர் பெயரில் தற்காலிக இறக்குமதி பதிவாகிறது. அவரே திரும்பக் கொண்டுபோக வேண்டும். கணவன் பெயரில் பதிவான காரில் வந்த மனைவி வழியில் பிரிந்துபோக நேர்ந்தால், அவள் கால்நடையாகத்தான் அடுத்த கப்பலைப் பிடிக்க வேண்டும். இரவுக் கப்பல்கள் வேறு கணக்கு. ஜெனோவாவிலிருந்து தான்ஜியருக்குக் கப்பல் ஏறத்தாழ இரண்டு நாள் போகிறது. கப்பல் ஓடும்போது கார்கள் நிற்கும் தளத்தைப் பொதுவாகப் பூட்டிவிடுவார்கள். சாலையில் தனியாகப் போகும் பெண்ணுக்குக் கார்தான் தாழ்ப்பாள் போட்ட அறை; கடலில் அது அவளிடமிருந்து போய்விடுகிறது. ஆண் பயணி இருக்கையிலேயே தூங்கி மிச்சம் பிடிக்கும் பணத்தை அவள் தனிக் கேபினுக்குக் கொடுக்க வேண்டும். பயணச் செலவுப் பட்டியல்களில் இதற்கென்று தனி வரி இருப்பதில்லை.

நம் பக்கத்துக் கடலில் கார் ஏற்றும் ஏற்பாடே இல்லை. ராமேஸ்வரம்–தலைமன்னார் கப்பல் 1984 வரை ஓடியது. 2023 அக்டோபரில் நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே தொடங்கியது பயணிகள் கப்பல் மட்டும்தான்.

எல்லாக் காகிதமும் சரியாக இருந்தாலும் போதாது என்பதற்கு சவுதி அரேபியாவின் லுஜைன் அல் ஹத்லூல் சாட்சி. 2014இல் ஐக்கிய அரபு அமீரகத்தின் ஓட்டுநர் உரிமத்தோடு, தானே காரோட்டிக்கொண்டு தன் நாட்டு எல்லைக்குப் போனார். 73 நாள் காவலில் வைத்தார்கள். 2018 ஜூனில் பெண்கள் காரோட்டும் தடை நீங்கியது; அதற்குச் சில வாரங்கள் முன்பு அவரை மறுபடியும் கைது செய்திருந்தார்கள்.

என் வகுப்பு மாணவிகளிடம் ஒருமுறை, நாடுகளும் ஃபெர்ரிகளும் உள்ள சாலைப் பயணத் திட்டம் ஒன்றை எழுதச் சொன்னேன். பணத்துக்குக் கவலையில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். பலருடைய தாளில் முதல் வரி எந்த ஊரின் பெயரும் இல்லை. வீட்டில் என்ன சொல்வது, தம்பிக்கு யார் சமைப்பது, பாட்டியை யாரிடம் விடுவது என்றுதான் தொடங்கியிருந்தார்கள். ஒருத்தி மாதவிடாய் நாட்களைக் கணக்கிட்டுக் கப்பல் தேதியைக் குறித்திருந்தாள். அவர்கள் திட்டமிடத் தெரியாதவர்கள் என்று யாராவது சொன்னால் சிரிப்பேன். அவர்கள் ஸ்லெஸ்ஸரைவிட ஓர் அத்தியாயம் முன்னால் தொடங்கியிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

ஆகவே பெண்களின் பயண நூலை எடுக்கும்போது சில கேள்விகளோடு வாசிக்கலாம். இவள் கிளம்பும் முன் யாருடைய வேலையை யாரிடம் ஒப்படைத்தாள்? வண்டி, பணம், பாஸ்போர்ட் யாருடையவை? பயணம் எத்தனை ஆண்டுகள் தள்ளிப்போனது? உடன் போனவளின் குரல் எங்கே? நூல் எப்போது அச்சேறியது? தமிழில் இப்போது பெண்கள் பயணங்களை எழுதத் தொடங்கியிருக்கிறார்கள். மலையும் கடலும் சாப்பாடும் அழகாக வருகின்றன. வீட்டிலிருந்து வாசல்வரை வந்த கதையையும் வெட்கப்படாமல் சேர்த்து எழுதுங்கள் என்பதே அவர்களிடம் என் வேண்டுகோள். மர்ஃபி அந்த அத்தியாயத்தை எழுதப் பதினான்கு ஆண்டுகள் எடுத்துக்கொண்டார். நாம் அதை முதல் பதிப்பிலேயே எழுதிவிடலாம்.