படகையும் சொன்ன சட்டம்

சட்டத்தை யாராவது இலக்கியம் மாதிரி படிப்பார்களா? படித்துப் பாருங்கள், சுவாரசியம்தான். 1995-ன் ஊனமுற்றோர் சட்டம் ('மாற்றுத்திறனாளி' என்ற சொல் பிறகு வந்தது), 44-ஆம் பிரிவு. ரயில், பஸ், விமானத்தோடு தண்ணீரில் போகும் கலங்களையும் அவர்கள் சுலபமாக ஏறும்படி மாற்றச் சொல்கிறது. டெல்லியில் யாருக்கோ படகு ஞாபகம் வந்திருக்கிறது. பேஷ்!

பழவேற்காடு ஏரியில் இருக்கம் தீவு. அங்கே தலைமுறைகளாகப் படகுதான் பஸ். கால் நடக்காதவர் எப்படி ஏறுவார்? யாராவது தூக்கிவிடணும். தூக்குகிற மனசு மீனவரிடம் தாராளமாக உண்டு. ஆனால், அவர் வலைக்குப் போன நாளில்?

அதே 44-ல் நடுவே ஒரு சின்ன நிபந்தனை: பொருளாதார சக்திக்கு உட்பட்டு. போச்சு! கையில் காசு இல்லை என்றால் கடமையும் இல்லை.

2016-ன் புதுச் சட்டம், 41-ஆம் பிரிவில் 'எல்லா வகைப் போக்குவரத்தும்' என்று பெரிசாக விரிகிறது. ஆனால் படகின் பெயர் காணோம். பழைய வண்டிகளை மாற்ற மட்டும் கட்டுப்படியாகணுமாம். அந்த நிபந்தனை வேறு சட்டை போட்டுக்கொண்டு வந்துவிட்டது, பாருங்கள்.

2024 நவம்பரில் ராஜீவ் ரதூரி வழக்கில் உச்ச நீதிமன்றம், வெறும் சிபாரிசாக இருந்தது போதும், கட்டாய விதிகளை மூன்று மாதத்தில் எழுதுங்கள் என்றது. அப்படி விதி எழுத உட்காருகிற அதிகாரிகள் முதலில் அந்தப் படகில் ஒருதரம் ஏறிப் பார்க்கட்டும். காலை ஊன்றாமல்.