அயலார் தீட்டிய இராமன்

2025 ஜனவரி 24 அன்று, ஏறத்தாழ முப்பதாண்டுகளுக்கு முந்தைய அசைவூட்டப் படமொன்று தமிழ் உள்ளிட்ட மொழிகளில் நம் திரையரங்குகளுக்கு வந்தது. அதைப் பார்த்துவந்த பெசன்ட் நகர்ச் சிறுவன் ஒருவன், ஞாயிறு மறைக்கல்வி வகுப்பு முடிந்ததும் என்னிடம் கேட்டான்: "ஃபாதர், ஜப்பான்காரருக்கு இராமர் கதை எதுக்கு?" நானும் படத்தைப் பார்த்த பிறகே அவனுக்கு விடை சொல்ல முனைந்தேன்.

படத்தைத் தயாரித்தவர் யூகோ சாகோ. தொலைக்காட்சிக்கு ஆவணப்படங்கள் எடுத்தவர். இராமாயணத் தலங்களில் தொல்லியலாளர் பி.பி. லால் நடத்திய அகழாய்வைப் படமாக்க 1983-இல் இங்கு வந்தபோது அக்கதை அவரைப் பற்றிக்கொண்டது. பத்து வடிவங்களில் அதைத் தேடிப் படித்தார். இராமன் தெய்வம், எனவே ஒரு நடிகனைவிட ஓவியமே அவனைக் காட்டத் தகும் என்பது அவர் எண்ணம். உருவத்திற்குச் செலுத்தும் வணக்கம் அது குறிப்பவரையே சென்றடைகிறது என 787-இல் இரண்டாம் நிசேயா சங்கம் கற்பித்ததைப் பயின்ற நமக்கு, இந்தத் தயக்கத்தின் மதிப்பு விளங்கும்.

ஆனால் முதலில் எழுந்தது எதிர்ப்பே. செய்தி ஒன்று தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டு, விசுவ இந்து பரிஷத் மறுப்புத் தெரிவித்தது. சாகோ நேரில் பேசி ஐயம் தீர்த்தார். இந்திய அரசோ, தெய்வக் கதையைக் கார்ட்டூனாக்குவது ஏற்றதன்று எனக் கருதிக் கூட்டுத் தயாரிப்புக்கு உடன்படவில்லை. எனவே படம் ஜப்பானில் உருவானது. 1992 டிசம்பர் 6 அன்று அயோத்தியில் பாபர் மசூதி இடிக்கப்பட்டது. அடுத்த மாதமே புதுதில்லித் திரைப்பட விழாவில் இப்படம் காட்டப்பட்டது. இராமன் பெயரால் ஊர்கள் பற்றியெரிந்த நாளில், அவன் கதையைப் பணிவோடு சொல்ல ஓர் அயலார் வந்து நின்றார்.

அவர் தனியே வரவில்லை. கொய்ச்சி சசாக்கியோடு நம் ராம் மோகனும் இயக்கத்தில் பங்கேற்றார். சென்னைப் பல்கலைக்கழகத்தில் வேதியியல் பயின்ற ராம் மோகன், 1956-இல் திரைப்படப் பிரிவில் சேர்ந்து டிஸ்னி கலைஞர் கிளேர் வீக்ஸிடம் தொழில் கற்றவர். அந்த வீக்ஸ் இந்தியாவில் பணியாற்றிய மறைப்பணியாளர் குடும்பத்தின் மகன். அவரிடம் கற்றவர் ஜப்பானியரோடு பணியாற்றினார். வேட்டி உடுத்துவதையும் கைகூப்புவதையும் இந்தியக் கலைஞர்கள் அவர்களுக்குச் செய்து காட்டினர். ஏறத்தாழ 450 கலைஞர்கள். கையால் வரைந்த தாள்கள் ஒரு லட்சத்தை நெருங்கின.

அந்த உழைப்பு திரையில் தெரிகிறது. விரிந்த விழிகள் ஜப்பானிய மரபைச் சொன்னாலும் உடையும் அசைவும் நம் மண்ணுக்குரியவை. காட்டின் பசுமைக்கும் அரண்மனையின் ஒளிக்கும் ஓவியர் பொறுமையாகத் தூரிகை பிடித்துள்ளனர். வன்ராஜ் பாட்டியாவின் இசை கதையோடு இழைகிறது. குறையும் உண்டு. இரண்டேகால் மணி நேரத்தில் காவியம் ஓடுகிறது. செஞ்சோற்றுக் கடனுக்கும் அறத்துக்கும் இடையே நின்று கும்பகருணன் படும் துயரைக் கம்பனில் பயின்றோருக்கு, இங்கே போர்க்காட்சி பெருகி மனக்காட்சி சுருங்கியதாகவே படும். நிகழ்வுகள் நிறைந்த அளவுக்கு மௌனம் நிறையவில்லை.

எனினும் சிறுவனின் கேள்வி என்னையே திருப்பிக் கேட்டது. 1981-இல் தத்சுனோகோ என்னும் ஜப்பானிய நிறுவனம் நம் விவிலியக் கதைகளைச் 'சூப்பர்புக்' தொடராக வரைந்தது. அதை வரைந்த கைகள் திருமுழுக்குப் பெற்றவையா என்று நாம் கேட்கவில்லை. மகிழ்ந்து நம் பிள்ளைகளுக்குக் காட்டினோம். ஆனால் பிற சமயத்தார் ஒருவர் இயேசுவைப் பற்றி எழுதினாலோ பாடினாலோ, முதலில் பிழை தேடுபவர்களுள் நானும் ஒருவன்.

சாகோ 2012-இலும் ராம் மோகன் 2019-இலும் காலமாயினர். இந்த மறுவருகையை இருவருமே காணவில்லை. அடுத்த ஞாயிறு சிறுவனிடம் சொன்னேன்: "அந்தக் கதையை அவர் நேசித்தார் தம்பி, அதற்காகப் பத்தாண்டுகள் உழைத்தார்." அவன் சற்று யோசித்து, "அப்போ அது அவரோட கதையும்தான், ஃபாதர்" என்றான்.