குஸ்மானின் ஆவணப்படங்களில் வரலாறும் நினைவும்

நிகழ்ந்துகொண்டிருக்கும் வரலாற்றைப் பதிவு செய்தல் ஒன்று. நிகழ்ந்து முடிந்ததை நினைவால் மீட்டல் மற்றொன்று. முன்னதற்குக் கண்ணும் செவியும் போதும். பின்னதற்கு அவற்றோடு கற்பனையும் வேண்டும். இவ்விரண்டையும் ஒருவரே செய்து காட்டிய அருமையைச் சிலி நாட்டு இயக்குநர் பத்திரிசியோ குஸ்மானிடம் காண்கின்றோம். 1941-இல் பிறந்த அவர்தம் கூற்றுமுறை எவ்வாறு மாறிற்று, அம்மாற்றத்தால் அவர் பெற்றது யாது, இழந்தது யாது என்பவற்றை ஈண்டு ஆராய்வோம்.

சிலியின் போர்

1970-இல் சால்வதோர் அயேந்தே தேர்தல் வழியே சிலியின் குடியரசுத் தலைவரானார். வாக்குச்சீட்டால் சமவுடைமையை அடைய முனைந்த அவ்வாட்சியை 1973 செப்டம்பர் 11-இல் படைத்துறை கவிழ்த்தது. அவ்வாட்சியின் இறுதி மாதங்களைச் சிறு குழுவொன்றுடன் குஸ்மான் படமாக்கினார். படச்சுருள் அனுப்பி உதவியவர் பிரெஞ்சு இயக்குநர் கிறிஸ் மார்க்கர். கவிழ்ப்பிற்குப் பின் குஸ்மான் சாந்தியாகோ விளையாட்டரங்கில் சிறை வைக்கப்பட்டார். சுருள்கள் சுவீடன் தூதரகத்தின் துணையால் நாட்டைக் கடந்தன. கியூபாவில் தொகுக்கப்பெற்று 1975, 1976, 1979 ஆகிய ஆண்டுகளில் மூன்று பகுதிகளாக வெளிவந்தன. ஒளிப்பதிவு செய்த ஹோர்கே முல்லர் 1974 நவம்பரில் பிடித்துச் செல்லப்பட்டார்; மீளவில்லை.

இப்படத்தின் சிறப்புகளுள் இரண்டனை மட்டும் எடுத்துக்கொள்வோம். முதலாவது, மாற்றாரின் சொல்லையும் கேட்டல். 1973 மார்ச்சுத் தேர்தலின்போது இருதரப்பு வாக்காளரிடமும் ஒலிவாங்கி நீட்டப்படுகிறது. செல்வர் இல்லத்துள்ளும் கருவி புகுகின்றது. அங்குள்ளோர் பேசிக்கொண்டிருக்க, அறையின் அணிபொருள்களை அது மெல்ல நோக்குகின்றது. இயக்குநர் அயேந்தேயின் தரப்பினர் என்பதில் ஐயமில்லை. எனினும் மாற்றாரின் அச்சமும் சினமும் அவர்தம் வாய்மொழியாகவே நம்மை எட்டுகின்றன. ஆதலின், கவிழ்ப்பு எங்கிருந்தோ வந்த இடியாகத் தோன்றாது, நாட்டினுள்ளே முதிர்ந்த ஒன்றாகப் புலப்படுகின்றது.

இரண்டாவது, நிகழ்ச்சிகளின் வைப்புமுறை. முதற்பகுதி 1973 சூன் 29-இல் நிகழ்ந்த படைக்கிளர்ச்சியுடன் முடிகின்றது. அன்று லெயோனார்தோ என்ரிக்சன் என்னும் ஒளிப்பதிவாளர், தம்மைச் சுடும் வீரரைத் தாமே படமெடுத்து மாண்டார். இரண்டாம் பகுதி ஆட்சிக் கவிழ்ப்பைக் காட்டுகின்றது. அவலத்தை இறுதியில் நிறுத்துவதே கதைமரபாயின், படம் அங்கே முடிந்திருத்தல் வேண்டும். குஸ்மானோ மூன்றாம் பகுதியில் காலத்தைப் பின்னோக்கித் திருப்புகின்றார். 1972 அக்டோபரில் சரக்குந்து உரிமையாளர் வேலைநிறுத்தம் நாட்டை முடக்கியபோது, தொழிலாளர் தாமே ஆலைகளை இயக்கியதும் பண்டங்களைப் பங்கிட்டதும் அங்கே இடம்பெறுகின்றன. தோல்வியை அறிந்தபின் காணும் அம்முயற்சி, முன்னிலும் பெருமிதமுடையதாகத் தோன்றுகின்றது. இறுதிச் சொல் படைத்தலைவர்க்கன்று, மக்களுக்கே என்பது இவ்வைப்பின் பொருள்.

நிலமே சான்றாதல்

1997-இல் வெளிவந்த 'பிடிவாதமான நினைவு' என்னும் படத்தில், குஸ்மான் தம் பழைய படத்தைச் சிலி மாணவர்க்குக் காட்டுகின்றார். சிலர் கவிழ்ப்பைச் சரியென வாதிடுகின்றனர்; சிலர் கதறி அழுகின்றனர். சான்று கண்முன் இருந்தும் நினைவு மறைக்கப்பட்டமை இதனால் விளங்கும்.

பின்னர் வந்த மூன்று படங்களில் சாட்சி கூறுவது நிலம். 'ஒளியின் ஏக்கம்' (2010) அத்தகாமா பாலைநிலத்தைக் காட்டுகின்றது. அதே நிலத்தில் வானியலார் விண்மீன்களைத் தேட, பெண்டிர் தம் உறவினரின் எலும்புகளைத் தேடுகின்றனர். எலும்பின் சுண்ணாம்புச்சத்தும் விண்மீன்களிலிருந்து வந்ததே என அறிவியலார் ஒருவர் கூறுங்கால் இரு தேடல்களும் ஒன்றாகின்றன. 'சிப்பிப் பொத்தான்' (2015) கடலைப் பேசுகின்றது. தண்டவாளத்தில் பிணித்து எறியப்பட்ட உடலின் எச்சமாக எஞ்சியது ஒரு பொத்தான். 'கனவுகளின் மலைத்தொடர்' (2019) ஆந்தீசு மலையைப் பேசுகின்றது. நிலத்தையும் பொழுதையும் முதற்பொருளாக வகுத்த தொல்காப்பிய மரபில் பயின்ற நமக்கு இம்முறை அயலன்று. இவற்றில் நிலம் வெறும் பின்புலமாக நில்லாது, இரங்கலாகிய உரிப்பொருளைத் தாங்கி நிற்கின்றது.

அரசியல் ஆய்வைக் கைவிட்டுப் புலம்பலுள் புகுந்தார் என்பார் உளர். அக்கூற்று முழுதும் பொருந்தாது. உடலும் ஆவணமும் அழிக்கப்பட்டவிடத்து எஞ்சும் சான்று நிலமே.

இழந்தது

எனினும் ஓர் இழப்பு உண்டு. 'என் கற்பனை நாடு' (2022), 2019 அக்டோபரில் எழுந்த கிளர்ச்சியைக் காட்டுகின்றது. நேர்காணப்பெற்றோர் அனைவரும் பெண்டிர், அது போற்றத்தக்கது. ஆயினும் மாற்றுக் கருத்தினர் குரல் அதில் இல்லை. படம் வெளிவந்த அவ்வாண்டு செப்டம்பர் 4-இல், புதிய அரசியலமைப்பு வரைவை வாக்காளருள் ஏறத்தாழ 62 விழுக்காட்டினர் மறுத்தனர். இயக்குநர் வருவது உரைத்திருத்தல் வேண்டும் என்பது எம் கருத்தன்று. ஆயின் அவ்வாக்காளர் யாவர், ஏன் தயங்கினர் என்பதற்குப் படத்தில் ஒரு குறிப்புமில்லை. 1973-இல் எதிரியின் வாயிலிலும் நின்று கேட்ட செவி, 2022-இல் நண்பர் சொல்லை மட்டுமே கேட்டது.

ஆகவே, குஸ்மானின் ஆற்றல் அவர்தம் சார்பின் உறுதியால் மட்டும் விளைந்ததன்று. சார்பு உறுதியாயிருந்தும் செவி திறந்திருந்தமையால் விளைந்தது. வரலாற்றைப் படைப்பாக்குவோர் அவரிடம் முதற்கண் கற்கத்தக்கது அதுவே என்பது எம் துணிபு.