விளக்கு எரிகிறது, பழுது எங்கே?

கார் நன்றாகத்தான் ஓடுகிறது. ஆனால் ஓட்டுநரின் முன் ஒரு மஞ்சள் விளக்கு எரிகிறது. பணிமனையில் ‘ஸ்கேனர்’ கருவியை இணைத்ததும் ‘பி0171’ என்ற குறியீடு தோன்றுகிறது. “கருவியே சொல்லிவிட்டது” என்று ஒரு பாகத்தை மாற்றுகிறார்கள். கருவி உண்மையில் என்ன சொன்னது?

எஞ்சினுக்குச் செல்லும் கலவையில் பெட்ரோல் குறைவு என்பதே அக்குறியீட்டின் பொருள். இது நோயின் பெயரன்று. காய்ச்சல் போன்ற ஓர் அறிகுறி. காற்றுக் கசிவு, பம்பின் தளர்ச்சி, உணர்வியின் கோளாறு என்று காரணங்கள் பல.

சென்ற ஐப்பசி மழைக்குப்பின் என்னுடைய பழைய காருக்கும் இதே குறியீடு வந்தது. ஒரு பணிமனையில் முதலில் ஆக்ஸிஜன் உணர்வியை மாற்றினர். பிறகு பெட்ரோல் பம்பை மாற்றினர். விளக்கு அணைவதும் மூன்றாம் நாள் எரிவதுமாக இருந்தது. மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டியையே மாற்றவேண்டும் என்றபோது என் சம்பளத்தில் பாதி கரைந்திருந்தது. கடைசியில் துறைமுகச் சாலையில் லாரிகளுக்கு வேலை செய்யும் ஒரு எலக்ட்ரீஷியன் கேட்டார்: “சார், எர்த் கம்பியப் பார்த்தாகளா?”

பார்த்தோம். கட்டுப்பாட்டுப் பெட்டியின் எர்த் இணைப்பில் பச்சைக் களிம்பு! தூத்துக்குடியின் கடற்காற்றில் உப்பு உண்டு. காற்றின் ஈரப்பதம் சுமார் 75 விழுக்காட்டைத் தாண்டினால் உப்பு ஈரத்தை உறிஞ்சிக் கரைசலாகிவிடும். செம்பும் இரும்பும் சேருமிடத்தில் அரிப்பு தொடங்க இது போதும்.

அக்களிம்பின் மின்தடை 0.05 ஓம் என்று கொள்வோம். 10 ஆம்பியர் பாய்ந்தால், ஓம் விதிப்படி 0.5 வோல்ட் அங்கே இழக்கப்படும். என் காரில் உணர்விக்கு எஞ்சினின் உலோக உடலே பூஜ்ஜியம். மிகுந்த பெட்ரோலின்போது அது தரும் 0.9 வோல்ட், பெட்டிக்கு 0.4 ஆகத் தெரியும். சுமார் 0.45 வோல்ட்டுக்குக் கீழே இருந்தால் ‘பெட்ரோல் குறைவு’ என்பதே பெட்டியின் கணக்கு. எனவே எவ்வளவு கூட்டினாலும் அதற்குப் போதவில்லை!

இவ்வளவு சிறிய தடையைச் சாதாரண மல்டிமீட்டரின் ஓம் அளவில் காண முடியாது. அதன் கம்பிகளின் தடையே இதைவிட அதிகம். எஞ்சினை ஓடவிட்டு, பாட்டரியின் எதிர்முனைக்கும் பெட்டியின் எர்த் முனைக்கும் இடையே வோல்ட்டை அளக்க வேண்டும். ஐந்து நிமிட வேலை.

ஸ்கேனரைக் குறைகூறுவது நம் நோக்கமன்று. புகை மாசைக் கண்காணிக்கவே இவ்வேற்பாடு பிறந்தது. அமெரிக்காவில் 1996 முதல் எல்லாக் கார்களுக்கும் பொதுவான வடிவம் பெற்றது. நம் நாட்டில் 2010இலும், இரண்டாம் கட்டமாக 2013இலும் வந்தது. அப்பணியை அது செவ்வனே செய்கிறது. குறை, குறியீட்டைத் தீர்ப்பாகக் கொள்ளும் பழக்கத்தில்தான் இருக்கிறது.

மற்றொரு குறையும் உண்டு. உதிரிபாகங்களும் சோதனைக் கருவிகளும் வெளிப் பணிமனைகளுக்குக் கிடைக்காதபடி செய்ததற்காக, இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் 14 கார் நிறுவனங்களுக்குச் சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. வழக்கு மேல்முறையீட்டுக்குச் சென்றது. மின்சுற்றுப் படம் இல்லாத மெக்கானிக், ஊகத்தைத் தவிர வேறெதை நம்புவார்?

ஆகவே, பாகத்தை மாற்றுமுன் “எதை அளந்தீர்கள்? அளவு என்ன?” என்று கேட்போம். விடை ஓர் எண்ணாக இல்லையென்றால், சோதனை இன்னும் தொடங்கவில்லை என்றே பொருள்.