கணினிக்கும் தலையெழுத்து உண்டோ?

ஒரு கணினிக்குள் மென்பொருளாலேயே இன்னொரு கணினியை உருவாக்கலாம். இதையே மெய்நிகர் கணினி என்கிறோம். அதில் இயங்குதளம் ஒன்றை நிறுவும்போது திரையில் கேள்விகள் தோன்றும். நீங்கள் விடை அளிப்பீர்கள். ஆனால் ஃபெடோரா கோர்ஓஎஸ் அப்படிக் கேட்பதில்லை.

லினக்ஸ் வகையைச் சேர்ந்த இத்தளம், கொள்கலன்களை இயக்குவதற்கென்றே அமைந்தது. கொள்கலன் என்பது ஒரு நிரலையும் அதற்கு வேண்டிய துணைக் கோப்புகளையும் சேர்த்துக் கட்டிய பொதி எனலாம். பயனர், திறவுகோல், செய்ய வேண்டிய பணிகள் ஆகியவற்றை முன்கூட்டியே ஒரு கோப்பில் எழுதிவிட வேண்டும். பியூட்டேன் என்ற கருவி அதை உருமாற்றித் தரும். கணினி முதன்முறை இயங்கும்போது இக்னிஷன் என்ற நிரல் அதைப் படித்து நிறைவேற்றும். அடுத்த முறை படிக்காது! பிறக்கும்போதே எழுதப்படும் தலையெழுத்துப் போன்றதுதான் இது.

ஏன் இந்தப் பிடிவாதம்? ஆயிரம் கணினிகளைக் கையால் அமைத்தால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாகிவிடும். ஒரே கோப்பிலிருந்து பிறந்தால் எல்லாம் ஒன்றுபோல் இருக்கும். பழுதானதை நீக்கிவிட்டுப் புதியதை எழுப்பலாம். இது சிறந்த ஏற்பாடே.

ஆயினும், தனியே பழகும் மாணவருக்கு இதில் ஓர் இடர் உண்டு. 'கோர்' என்னும் பயனருக்குக் கடவுச்சொல் கிடையாது. கோப்பில் திறவுகோலைச் சேர்க்க மறந்தீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பியூட்டேன் இலக்கணப் பிழையைக் கண்டுபிடிக்கும். உங்கள் மறதியை அறியாது. கணினி குறையின்றி இயங்கும். உங்களால்தான் உள்ளே நுழைய முடியாது! கோப்பைத் திருத்தினாலும் போதாது. புதிய கணினியை எழுப்புவதே எளிய வழி. "நுழைய வழியில்லையே" என்று கோப்பை உருமாற்றும்போதே பியூட்டேன் ஓர் எச்சரிக்கையேனும் தந்திருக்கலாமே! இதை நாம் குறையாகவே கருதுகிறோம்.

மற்றொன்றையும் கவனியுங்கள். இதன் முன்னோடியான கோர்ஓஎஸ் 2013இல் தோன்றியது. 2018இல் ரெட்ஹாட் நிறுவனம் அதை வாங்கியது. 2020 மே மாதத்துடன் அதற்கான ஆதரவு முடிந்தது. தானாகவே புதுப்பித்துக்கொள்ளும் என்று நம்பியிருந்தவர்கள், ஃபெடோரா கோர்ஓஎஸ்ஸுக்கு மாறப் புதிதாக நிறுவ நேர்ந்தது. கோப்பின் அமைப்பும் மாறிவிட்டதால் அதையும் திருத்தி எழுத வேண்டியிருந்தது.

எனவே, வாசகரே, கோப்பைப் பார்த்து எழுதினால் மட்டும் போதாது. ஒவ்வொரு வரியும் எதற்கு என்று அறிந்து எழுதுங்கள். மெய்நிகர் கணினி கெட்டால் நட்டமில்லை. ஒரு வரியை வேண்டுமென்றே நீக்கிப் பாருங்கள். என்ன நடக்கிறது, ஏன் நடக்கிறது என்று கண்டறிவதே உண்மையான பாடம்.