'அருள் வந்தது': ஆள்வினை உணர்வு குறித்த ஒரு மறுநோக்கு

கிள்ளான் வட்டாரத்திலிருந்து பத்துமலைக்குக் காவடி கொண்டு செல்பவரைப் பற்றிப் பேசுவோர், 'அவருக்கு அருள் வந்தது' என்பர். அருள் எழுவாயாக நிற்கிறது. மனிதர் நான்காம் வேற்றுமை ஏற்கிறார். பசியும் உறக்கமும் சினமும் நமக்கு இவ்வாறே வருகின்றன. ஆனால் அவரே நேர்ந்துகொள்ளும்பொழுதும் விரதமிருக்கும்பொழுதும் காவடி எடுக்கும்பொழுதும் எழுவாயாகிவிடுகிறார். ('சாமி ஆடினார்' என்பதும் வழக்கே. ஆடியது சாமியா, மனிதரா என்னும் ஐயத்தை அத்தொடர் தீர்ப்பதில்லை.)

தன்விருப்பச் செயல் பற்றிய நரம்பியல் ஆய்வுகளைத் தமிழில் எடுத்துரைப்போர் இவ்வேறுபாட்டைக் கருத்திற் கொள்வதில்லை. பெஞ்சமின் லிபெட் குழுவினர் 1983இல் வெளியிட்ட சோதனையே பெரிதும் சுட்டப்படுகிறது. பங்கேற்றோர் தாம் விரும்பிய கணத்தில் கையை அசைத்தனர். அசைவுக்கு ஏறத்தாழ அரை நொடிக்கு முன்பே மூளையில் ஆயத்த மின்மாற்றம் தொடங்கியது. அசைக்கும் விழைவை அவர்கள் உணர்ந்ததோ சுமார் 0.2 நொடிக்கு முன்புதான். ஆகவே மனிதன் வெறும் கருவி, எல்லாம் ஊழே என்று முடிவுகட்டுவது பொருந்தாது. அம்மின்மாற்றம் மூளையின் இயல்பான ஏற்ற இறக்கங்கள் திரண்டு ஒரு வரம்பைத் தொடுவதாலும் தோன்றலாம் என ஆரன் ஷர்கர் குழுவினர் 2012இல் காட்டினர். இதனினும் அடிப்படையான குறை ஒன்றுண்டு. சோதனைக்கு இசைந்து, கையை அசைப்பதாக ஒப்புக்கொண்டபொழுதே அவர்களது முடிவு பிறந்துவிட்டது. எஞ்சியது 'எப்பொழுது' என்பது மட்டுமே. காவடி எடுப்பவரின் முடிவும் 272 படிகளின் அடியில் பிறப்பதன்று. பலர் 48 நாள் விரதத்திற்கு முன்பே நேர்ந்துகொண்டவர்கள்.

பேட்ரிக் ஹகார்ட் குழுவினரின் 2002ஆம் ஆண்டு ஆய்வு நமக்கு அதிகம் பயன்படும். தானே விசையை அழுத்தியவருக்கு, அழுத்தலும் பின்னெழும் ஒலியும் காலத்தால் நெருங்கித் தோன்றின. காந்தத் தூண்டலால் விரல் துடித்தபொழுது அவை விலகித் தோன்றின. 'இதனைச் செய்தவன் நான்' என்னும் இவ்வுணர்வை 'முகமை உணர்வு' என மொழிபெயர்ப்பது அலுவலக வாடை வீசுகிறது. 'ஆள்வினை உணர்வு' எனலாம். திருக்குறளின் 62ஆம் அதிகாரத்தில் அச்சொல் தளராத முயற்சியையே குறிக்கிறது எனினும், ஆளும் வினை என்னும் சொல்லமைப்பு இங்கும் பொருந்துகிறது.

ஆயினும் ஹகார்ட் அளந்தது கண நேர உணர்வை, பொறுப்பையன்று. மலையிலிருந்து இறங்கியவர், 'எனக்கு ஒன்றும் தெரியவில்லை' என்பார். மீண்டும் நான்காம் வேற்றுமை. காவடி யார் எடுத்தது என்று கேட்டால், 'நான்தான் எடுத்தேன்' என்பார்.