கருத்தா இல்லாத வாக்கியங்கள்

வணிக நிறுவனங்கள் ஆண்டுதோறும் வெளியிடும் சமூகப் பொறுப்பு அறிக்கைகளில், நட்ட மரங்களும் கட்டிய பள்ளிகளும் வண்ணப் படங்களோடு இடம்பெறுகின்றன. ஆயினும், தம்மால் நேர்ந்த குறையை அவை எவ்வாறு உரைக்கின்றன என்பதே அவற்றின் நேர்மைக்கு உரைகல்.

உத்தமபாளையத்தில் வாழும் நாம் இதற்குச் சான்று தேடித் தொலைவு செல்ல வேண்டியதில்லை. கொடைக்கானலில் 1980-களில் தொடங்கப்பட்ட பாதரச வெப்பமானித் தொழிற்சாலை, 1987-இல் யூனிலீவர் குழுமத்திடம் கைமாறியது. அதனை ஒட்டிய பாம்பார் சோலையின் நீர் கும்பக்கரை வழியே நம் மாவட்டத்திற்கே இறங்குகிறது. 2001 மார்ச்சில், பாதரசம் கலந்த கண்ணாடிக் கழிவு ஊருக்குள் பழைய பொருள் கடையொன்றில் கிடப்பதை ஊர்மக்களும் கிரீன்பீஸ் அமைப்பும் வெளிப்படுத்தினர். ஆலை மூடப்பட்டது.

நிறுவனம் பொதுவில் தந்த விளக்கத்தின் நடை ஆராயத்தக்கது. வகுத்த நெறிமுறைகளுக்கு மாறாகக் கழிவு விற்கப்பட்டிருந்தது என்பதே அதன் சாரம். விற்றவர் யார்? செயப்பாட்டுவினை கருத்தாவை விழுங்கிவிட்டது. நெறிமுறை குற்றமற்றது, மீறல் மட்டுமே பிழை என்ற எண்ணமும் உடன் விதைக்கப்படுகிறது. உடனே ஆலையை மூடியதும், 2003-இல் சுமார் 290 டன் கழிவை அமெரிக்காவுக்கு அனுப்பியதும் அடுத்து விரிகின்றன. குறை சுருங்க, பரிகாரம் பெருகுகிறது.

2016-இல் முன்னாள் தொழிலாளர் 591 பேருடன் உடன்பாடு ஏற்பட்டது. உடல்நலத் தீங்கை ஆய்வுகள் காட்டவில்லை என்ற தன் நிலைப்பாட்டை விடாமல், மனிதாபிமான அடிப்படையில் உதவுவதாக நிறுவனம் கூறியது. இழப்பீடு என்றால் அது கடன். மனிதாபிமானம் என்றால் கொடை. இந்த ஒரு சொல்லால், உரிமை கேட்டு வந்தவர் இரவலராகிவிடுகிறார்.

2022-23 நிதியாண்டு முதல், சந்தை மதிப்பில் முன்னணியிலுள்ள 1000 நிறுவனங்கள் பொறுப்பு மற்றும் நிலைத்தன்மை அறிக்கை அளிப்பதைச் செபி கட்டாயமாக்கியுள்ளது. வந்த புகார்கள், தீராத புகார்கள் ஆகியவற்றின் எண்ணிக்கையையும் அதில் தர வேண்டும். இது நல்ல முன்னேற்றமே. எனினும் எண்ணிக்கை, பாதிக்கப்பட்டவரின் வாக்குமூலத்திற்கு ஈடாகாது.

தானியக் குவியலுக்குள் கைவிட்டு ஈரத்தைக் கண்ட நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் நிகழ்வை வாசகர் அறிவர். மழை நனைத்தது என்ற வணிகரின் விடையோடு அது முடியவில்லை. நனைந்ததை மேலே வைக்காதது ஏன் என்ற கேள்வி தொடர்ந்தது. அறிக்கைகளிடமும் நாம் கேட்க வேண்டியது அதுவே: ஈரம் எந்தப் பக்கத்தில் இருக்கிறது?